திரும்பி வரும் பாதி

நாளை ஞாயிற்றுக்கிழமை. காலை நாலே முக்காலுக்கு கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து சைக்கிளில் கிளம்பி, புதுச்சேரி வழியாக மரக்காணம் போய், அதே வழியில் திரும்பி வரப்போகிறேன். போக வர ஏறக்குறைய 115 கிலோமீட்டர். எனக்கு 41 வயது. ஒரே நாளில் இவ்வளவு தூரம் மிதிப்பது இதுதான் முதல் தடவை. ஏழு மாதமாக இதற்காகத்தான் தயாராகிக்கொண்டிருக்கிறேன். போய் வந்த பிறகு எழுதினால் அந்த ஒரு நாளைப் பற்றித்தான் எழுதுவேன், இந்த ஏழு மாதம் எங்கேயோ மறைந்துவிடும். அதனால்தான் இன்றைக்கே எழுதுகிறேன்.

நான் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விலையில்லா மிதிவண்டி கொடுக்கும் நாளில் மைதானம் முழுக்கப் புது சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். சாவியை வாங்கிய பெண்கள் சீட்டில் சுற்றியிருக்கும் பாலிதீன் தாளைக்கூடப் பிரிக்காமல் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். அப்படி ஒரு நாள், என் வகுப்புப் பெண் ஒருத்தி வண்டியை என் பக்கம் தள்ளி, "ஒரு ரவுண்டு போங்க டீச்சர்" என்றாள். நான் சைக்கிளை விட்டு இருபது வருடம் ஆகியிருந்தது. ஏறினேன். மைதானத்தை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் இறங்கினேன்.

எனக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தது என் சித்தி. அவர் வாழ்க்கைப்பட்டது புதுக்கோட்டை மாவட்டத்தில். 1991-ல் அங்கே எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் நடந்தபோது, மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துவைத்தார். பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். பெண்கள் சைக்கிள் போதுமான அளவு கிடைக்காததால் பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே பழகினார்கள். என் சித்தியும் அப்படித்தான். கோடை விடுமுறைக்குப் போன என்னை அந்தப் பாரில் உட்காரவைத்துக்கொண்டு அவர் ரேஷன் கடைக்கும் கிணற்றடிக்கும் போய்வந்தது இன்னும் நினைவிருக்கிறது. மைதானத்தில் மூன்றாவது சுற்றின்போது அவர் நினைவுதான் வந்தது.

அடுத்த வாரமே, சக ஆசிரியையின் மகன் ஓட்டாமல் வைத்திருந்த 21 கியர் சைக்கிளை விலை பேசி வாங்கிவிட்டேன். நெடுந்தூரம் போக வேண்டும் என்ற ஆசை அப்போதே வந்துவிட்டது. அதற்கு வேண்டியது கால் பலம் என்றுதான் நினைத்தேன். தினமும் காலையில் சில்வர் பீச் வரை போய் வருவேன். ஒரே மாதத்தில் கால் நன்றாகப் பழகிவிட்டது. சரி, இனி புதுச்சேரிதான் என்று முடிவு செய்தேன்.

ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை காலை ஆறரைக்குக் கிளம்பினேன். தென்பெண்ணைப் பாலம், முள்ளோடை, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் என்று ஊர்கள் பின்னால் போய்க்கொண்டே இருந்தன. 22 கிலோமீட்டரை ஒரு மணி ஐந்து நிமிடத்தில் கடந்துவிட்டேன். கடற்கரைச் சாலையில் நின்றபோது ஒரு களைப்பும் இல்லை. அந்த உற்சாகத்தில் காலாப்பட்டு வரைக்கும் போனேன். பல்கலைக்கழக வாசலில் ஒரு படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் திரும்பும்போது மணி பத்தரை.

புதுச்சேரியைத் தாண்டுவதற்குள்ளேயே வண்டி யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் ஆகிவிட்டது. பிரேக் கட்டை உரசுகிறதா என்று இரண்டு தடவை இறங்கிப் பார்த்தேன். உரசவில்லை. அரியாங்குப்பம் தாண்டி வரும்போது வேகம் 11-க்கு இறங்கிவிட்டது. தவளக்குப்பத்தில் கை நடுங்கியது, கண் இருட்டியது. ரோட்டோரம் வண்டியைச் சாய்த்துவிட்டு ஒரு டீக்கடைப் பலகையில் உட்கார்ந்துவிட்டேன். கடைக்கார அம்மா என் முகத்தைப் பார்த்ததும் கேட்காமலே நாலு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீயைக் கையில் கொடுத்து, "முதல்ல இதைக் குடி, அப்புறம் பேசு" என்றார். காலையில் கிளம்பும்போது குடித்த ஒரு காபிக்குப் பிறகு நான் எதுவுமே சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு நானும் சைக்கிளும் ஒரு 'சின்ன யானை' சரக்கு வண்டியில்தான் வீடு வந்து சேர்ந்தோம்.

இரண்டு நாள் அழுகை அழுகையாக வந்தது. மூன்றாம் நாள் மீன்கார ஆயா வந்தார். தேவனாம்பட்டினத்துக்காரர். தெருவில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்ததால் அவருக்கும் தெரிந்திருந்தது. சங்கரா மீனைச் சுத்தம் செய்துகொண்டே, "போவும்போது எந்தக் காத்து?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. போகும்போது காற்றே இல்லையே என்றேன்.

"முதுவுல அடிக்கிற காத்து தெரியாது கண்ணு. மூஞ்சியில அடிச்சாத்தான் காத்து. காலையில கரையிலேர்ந்து வரும், வெயில் ஏறுனா கடல்லேர்ந்து வரும். அந்தக் காலத்துல பாய் கட்டுன கட்டுமரம் இதை வச்சுத்தான் போச்சு, இதை வச்சுத்தான் வந்துச்சு."

இந்த ஏழு மாதத்தில் நான் கேட்ட பாடங்களில் இதுதான் பெரியது. அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும். காற்றில்லாத நேரத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறேன் என்று வைத்துக்கொள்வோம். எதிரில் 10 கிலோமீட்டர் வேகக் காற்று அடித்தால் என் உடம்பின் மேல் மோதுவது 30 கிலோமீட்டர் வேகக் காற்று. தடை ஒன்றரை மடங்கு ஏறும் என்று தோன்றும். உண்மையில் இரண்டேகால் மடங்கு ஏறுகிறது. அதே காற்று முதுகில் அடித்தால் தடை கால் பங்காகக் குறைந்துவிடும். போகும்போது கிடைத்த லாபம் வரும்போது வரும் நஷ்டத்தைச் சரிக்கட்டிவிடும் என்றும் நினைக்கக் கூடாது. 30 கிலோமீட்டரை 25 வேகத்தில் போனால் 72 நிமிடம். அதே 30-ஐ 15 வேகத்தில் திரும்பி வந்தால் 120 நிமிடம். மொத்தம் 192. இரண்டு பக்கமும் 20 வேகத்தில் போயிருந்தால் 180 நிமிடத்தில் முடிந்திருக்கும். எதிர்காற்றில் மெதுவாகப் போவதால் அதில் இருக்க வேண்டிய நேரமும் கூடிவிடுகிறது. வகுப்பில் சராசரி வேகம் நடத்தும்போது எத்தனையோ தடவை இந்த மாதிரிக் கணக்கைக் கரும்பலகையில் போட்டிருக்கிறேன். தவளக்குப்பத்தில் அது என் தொடையில் வலித்தது.

கடலூர்க்காரர்களுக்குக் காற்று என்றால் 2011 டிசம்பர் 30-தான் நினைவுக்கு வரும். தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறிய நாள். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். அவ்வளவு பெரிய காற்றைத் தெரிந்த எனக்குத் தினமும் வீசும் சின்னக் காற்றைத் தெரியாமல் இருந்திருக்கிறது. வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை என்று திசைக்கொரு பெயர் வைத்த மொழி நம்முடையது. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த அந்த நாலு பெயரும் இப்போதுதான் எனக்குப் பயன்படுகின்றன. மொட்டைமாடிக் கொடியில் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்க்காமல் இப்போதெல்லாம் நான் வண்டியைத் தொடுவதில்லை.

ஜூலைக்குப் பிறகு என் தயாரிப்பு முழுக்க மாறிவிட்டது. போவதற்கு ஆசை போதும். தயாரிப்பெல்லாம் திரும்பி வருவதற்குத்தான். எதைச் செய்தாலும், இது திரும்பி வரும் பாதிக்கு உதவுமா என்று கேட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். தூரத்தையும் அவசரப்படாமல் கூட்டினேன். ஒரு வாரம் 25, இரண்டு வாரம் கழித்து 30, அப்புறம் 38. இடையில் ஒரு வாரம் வேண்டுமென்றே குறைவாக. கடலூரில் மேடு என்று சொல்ல கேப்பர் மலை ஒன்றுதான் இருக்கிறது. அங்கே போய்ச் சின்ன கியரில் காலை வேகமாகச் சுழற்றி ஏறப் பழகினேன். பெரிய கியரில் அழுத்தி மிதிப்பது வேகமாகப் போவதுபோல் இருக்கும், ஆனால் முட்டி அதற்கான விலையைச் சாயங்காலம் கேட்கும். வலது கால் நிமிடத்துக்கு எத்தனை தடவை கீழே வருகிறது என்று எண்ணுவேன். ஆரம்பத்தில் 55. இப்போது 75-க்குக் குறைவதில்லை.

சீட்டைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் பெண்கள் இதை வெளியில் பேசாமல் சைக்கிளை விட்டுவிடுகிறார்கள். முதலில் சீட் மெத்தென்று இருக்க வேண்டும் என்று நினைத்துத் தடியான ஜெல் உறை வாங்கிப் போட்டேன். ஒரு மணி நேரத்தில் வலியும் மரத்துப்போதலும் அதிகமாகிவிட்டது. உடம்பின் எடையை இடுப்பின் அடியில் இருக்கும் இரண்டு எலும்புகள் தாங்க வேண்டும். உறை மெத்தென்று அமுங்கும்போது அந்த எடை நடுவில் இருக்கும் மென்மையான பகுதிக்குப் போய்விடுகிறது. உறையைக் கழற்றிவிட்டு, கொஞ்சம் அகலமான, கெட்டியான சீட் மாற்றினேன். சீட்டின் மூக்கை ஒரு துளி கீழே இறக்கினேன். சுடிதாருக்கு உள்ளே பஞ்சு வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் போட்டேன். துப்பட்டாவை வீட்டிலேயே வைத்துவிட்டேன், செயினில் மாட்டினால் ஆபத்து. சீட் உயரத்துக்கு எளிய சோதனை ஒன்று இருக்கிறது: பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அப்போது முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கியிருக்கும். முட்டியின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்ந்திருக்கிறது, பின்பக்கம் வலித்தால் உயர்ந்திருக்கிறது.

கழிப்பறையும் அப்படித்தான். பெட்ரோல் பங்குகளில் கழிப்பறையும் குடிநீரும் இலவசக் காற்றும் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்பதை நேரில் பார்த்தால்தான் தெரியும். டிசம்பரில் ஒரு நாள் மரக்காணம் வரை பஸ்ஸில் போய், வழியில் மூன்று இடத்தில் இறங்கிப் பார்த்துக் குறித்துவைத்தேன். இந்த வேலைக்கு ஒரு முழு நாள் போனது. கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் போகிற பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. சைக்கிளில் அது மயக்கத்தில் கொண்டுபோய் விடும். மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் குடிக்க வேண்டும், வெயில் ஏறினால் இன்னும் கூடுதலாக. ஒரு பாட்டிலில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் உப்புசர்க்கரைக் கரைசல்.

பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொண்டது திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பழைய சைக்கிள் கடையில். கடைக்காரப் பெரியவர் முதலில் சிரித்தார். "நீ எதுக்கும்மா, நான் இருக்கேனே" என்றார். "அனுமந்தையில ஆறு மணிக்கு நீங்க இருக்க மாட்டீங்களே ஐயா" என்றேன். அப்புறம் மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். பின்சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன் செயினைச் சின்னப் பல்சக்கரத்துக்குக் கொண்டுவர வேண்டும். டியூப்பைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து, துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காய்கிற வரைக்கும் பொறுமையாக இருக்க வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் நிற்காது. நான் ஒட்டிய முதல் டியூப் பத்து நிமிடத்தில் மறுபடி இறங்கிவிட்டது. அவர் டயரை வாங்கி உள்பக்கம் விரலை மெல்ல ஓட்டினார். ஒரு இடத்தில் நிறுத்தி, வெளியே தெரியாமல் ஒடிந்திருந்த கருவேல முள்ளை எடுத்துக் காட்டினார். "ஓட்டையை அடைக்கிறது பெரிசில்லம்மா. முள்ள எடுக்காம எத்தனை தடவ ஒட்டினாலும் இறங்கத்தான் செய்யும்." கூலி வாங்க மறுத்துவிட்டார். பொங்கலுக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தேன்.

பசியைப் பற்றித் தெரிந்துகொண்டது வடலூரில். செப்டம்பரில் குள்ளஞ்சாவடி, குறிஞ்சிப்பாடி வழியாக அங்கே போனேன். போக வர 70 கிலோமீட்டருக்கு மேல். வள்ளலார் 1867-ல் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்று வரை அணையாமல் எரிகிறது. அன்று சத்திய தருமச்சாலையில் வரிசையில் உட்கார்ந்தேன். என் பக்கத்தில் ஒரு பாட்டி, அந்தப் பக்கம் லாரி டிரைவர் ஒருவர். சோறும் சாம்பாரும் இலையில் விழுந்ததும் யாரும் பேசவில்லை. தவளக்குப்பத்தில் எனக்கு வந்தது பசிதான் என்று அந்த வரிசையில்தான் சரியாகப் புரிந்தது. உடம்பு சேர்த்துவைக்கும் மாவுச்சத்து ஏறக்குறைய அரைக் கிலோதான், கடுமையாக மிதித்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்ந்துபோகும். தீர்ந்த பிறகு சாப்பிட்டால் காலம் கடந்துவிடும். பசிக்கும் முன்பே, முக்கால் மணிக்கு ஒரு தடவை ஏதாவது வாயில் போட வேண்டும். வாழைப்பழம், கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், நல்லெண்ணெயில் குழைத்த பொடி தடவிய குட்டி இட்லி. இட்லிதான் எனக்கு ஒத்துவருகிறது. இனிப்பு மூன்றாவது மணியில் திகட்டிவிடுகிறது. வடலூரிலிருந்து திரும்பி வந்த அந்த 36 கிலோமீட்டர்தான் நான் இதுவரை ஓட்டியதிலேயே சுகமான தூரம்.

அக்டோபரும் நவம்பரும் மழையில் போயின. அந்த இரண்டு மாதமும் வீட்டுப் படிக்கட்டில் ஏறி இறங்கியதைத் தவிர பெரிதாக எதுவும் செய்யவில்லை. அப்போதுதான் நெடுந்தூர சைக்கிள் உலகத்தைப் பற்றிப் படித்தேன். பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் 1200 கிலோமீட்டர் ஓட்டம் 1891-ல் தொடங்கியது, இன்றைக்கு 90 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அதுவும் போய்த் திரும்புவதுதான் என்று பார்த்தபோது சந்தோஷமாக இருந்தது. அதற்குத் தகுதி பெற ஓட்ட வேண்டிய தூரங்களில் முதல் படி 200 கிலோமீட்டர், பதின்மூன்றரை மணி நேரம். வகுத்துப் பார்த்தால் மணிக்கு 15 கிலோமீட்டர்கூட வராது. வேகம் தேவையில்லை, நிற்காமல் இருந்தால் போதும். அந்த எண் எனக்குக் கொடுத்த தைரியத்தை வேறு எதுவும் கொடுக்கவில்லை.

நாளைய கணக்கு இதுதான். ஜனவரி என்பதால் காற்று வடகிழக்கு. போகும்போது முகத்தில் அடிக்கும், ஆனால் விடியற்காலைக் குளிர்ச்சியில் அதைத் தாங்கிவிடலாம். வெயில் ஏறித் திரும்பும்போது அது முதுகில் இருக்கும். முன்விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, வெளிச்சம் பட்டால் மின்னும் மேல்சட்டை. இருட்டில் நாய் துரத்தினால் வேகமெடுக்காமல் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் காலை 7:30 வரை மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி கிடையாது, நான் ஆறே காலுக்கு அங்கே இருப்பேன். முதல் இட்லி அங்கே. அப்புறம் கோட்டக்குப்பம் வந்தால் தமிழ்நாடு, காலாப்பட்டு வந்தால் மறுபடி புதுச்சேரி, அதைத் தாண்டினால் மறுபடி தமிழ்நாடு. கூனிமேடு, அனுமந்தை, கடைசியில் மரக்காணத்து உப்பளங்கள். எங்கே இருந்தாலும் ஒன்பதரைக்கு வண்டியைத் திருப்பிவிடுவது என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். மரக்காணம் இரண்டு கிலோமீட்டரில் இருந்தாலும் சரி. இதை ஏற்க எனக்கு ஏழு மாதம் ஆகியிருக்கிறது.

என் கணவர் ஒவ்வொரு மணிக்கும் போன் செய்யச் சொன்னார். இரண்டு மணிக்கு ஒரு தடவை என்று பேசி முடித்தோம். இப்போது என் டயரை அழுத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறார், மூன்றாவது தடவையாக. மகள் இட்லிக்கு வாழை இலை நறுக்கி வைத்திருக்கிறாள். உபரி டியூப் இரண்டு, ஒட்டுப்போடும் பெட்டி, கைப்பம்பு, டயர் நெம்பு, அலன் கீ, பையில் 600 ரூபாய், ஆதார் நகல். எல்லாம் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது.

சாயங்காலம் மீன்கார ஆயாவுக்குப் போன் செய்து, நாளைக்கு என்ன காற்று என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. வாசலுக்கு வந்து பார்த்திருப்பார் போல.

"வாடைதான் கண்ணு. போயிட்டு வா."